ஜமீலாக்கா விட்ட விமானம்

மூன்று மாதம் இருக்கும். மழை சற்று ஓய்ந்திருந்த ஒரு சனிக்கிழமை, என் கணவர் ஹார்பரிலிருந்து ஓர் அட்டைப் பெட்டியோடு வந்தார். அவருக்குப் பழக்கமான கப்பல் எஞ்சினியர் ஒருவர் ஊருக்குப் போகும்போது கொடுத்துவிட்டுப் போனாராம். திறந்தால் உள்ளே அப்பளம் மாதிரி மெல்லிய மரப்பலகைகள், ஒரு குச்சி, ஒரு ட்யூப் பசை, ஓர் உருண்டை களிமண், நாலு பக்க இங்கிலீஷ் குறிப்பு. பால்சா என்று ஒரு மரமாம். அதில் கிளைடர் செய்யலாமாம். எஞ்சின் கிடையாது, கையால் விட்டால் காற்றில் தானே மிதந்து போகும்.

"யாருக்கு இது?" என்று வீட்டுக்கு வந்தவர்களெல்லாம் கேட்டார்கள். கேட்ட பிறகுதான் எங்களுக்குக் குழந்தை இல்லை என்பது ஞாபகம் வந்து நாக்கைக் கடித்துக்கொண்டார்கள்.

"எனக்குத்தான்" என்றேன்.

முப்பத்தாறு வயதில் ஒரு பெண் விமானம் செய்யக் கூடாது என்று எந்தச் சட்டத்தில் இருக்கிறது?

குறிப்பின் முதல் வரி: 'புதிதாகச் செய்பவர்களுக்கு மிகச் சுலபம். ஒரே மாலையில் முடிக்கலாம்.' இந்த மாதிரி வரிகளை யார் எழுதுகிறார்கள்? தாங்களும் ஒரு காலத்தில் புதியவர்களாக இருந்ததைச் சுத்தமாக மறந்துபோனவர்கள்தான் எழுதுகிறார்கள் என்று நினைக்கிறேன். முதல் மாலையிலேயே பிளேடை மரத்தின் ரேகைக்குக் குறுக்கே வைத்து இழுத்தேன். ஒரு பலகை வாழை இலை மாதிரி கிழிந்து போயிற்று.

அந்த நேரத்தில்தான் ஜமீலாக்கா படியேறி வந்தார்.

ஜமீலாக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். கொச்சி மட்டாஞ்சேரியில் நான் வேலை பார்க்கும் மிளகு ஏற்றுமதிக் கம்பெனியில் அவர்தான் டைப்பிஸ்ட். பதினெட்டு வருட சர்வீஸ். தமிழ் ராவுத்தர் குடும்பம். இங்கேயே பிறந்து வளர்ந்தவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அண்ணன் வீட்டில் இருக்கிறார். அவர் டைப் அடிக்கும் வேகத்தைப் பார்க்க, பக்கத்து கம்பெனி ஆட்கள் ஏதாவது சாக்கு வைத்துக்கொண்டு வருவார்கள். அப்படிப்பட்டவர் ஜூலை மாதம் போட் ஜெட்டியில், மழையில் வழுக்கி விழுந்தார். வலது மணிக்கட்டு முறிந்தது. ஆறு வாரம் கட்டு. கட்டைப் பிரித்தபோது எலும்பு கூடியிருந்தது. ஆனால் விரல்கள் மடங்கவில்லை.

ஆஸ்பத்திரியில் ஒரு ரப்பர் பந்து கொடுத்து, தினமும் அமுக்கச் சொன்னார்கள். அவர் அதை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார்.

"பந்து அமுக்கறதுக்கு நான் என்ன கைக்குழந்தையா? வலி உயிர் போகுது சரசு" என்றார் என்னிடம்.

இன்னொரு பக்கம், மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, அக்டோபர் முடியும்வரை பார்ப்போம், அதற்குப் பிறகு வேறு ஆளைத்தான் எடுக்க வேண்டியிருக்கும் என்று சொல்லியிருந்தார். அவர் கெட்டவர் இல்லை. கடிதங்கள் குவிந்துகொண்டே இருந்தன. ஜமீலாக்காவுக்கும் இது தெரியும். தெரிந்தும் அந்தப் பந்தைத் தொடவில்லை... பயம் என்று நினைக்கிறேன். முயற்சி செய்து முடியாமல் போவதைவிட, முயற்சியே செய்யாமல் இருப்பது சுலபம், இல்லையா?

அன்று படியேறி வந்தவர் கிழிந்த பலகையைப் பார்த்தார்.

"எந்தாடி இது, இப்படி நாசம் பண்ணி வச்சிருக்கே?"

"விமானம்க்கா."

அவர் சிரிக்கவில்லை. குறிப்பை வாங்கி நாலு பக்கமும் படித்தார். பதினெட்டு வருடம் இங்கிலீஷ் கடிதம் அடித்தவர் அல்லவா? "ரேகை போற போக்கிலதான் வெட்டணும்னு மூணாவது வரியிலேயே போட்டிருக்கு. உனக்குக் கண்ணு எங்கே இருந்துது?" என்றார். அப்புறம் மிச்சம் இருந்த பலகையை எடுத்தார் – வலது கையால்.

"ஒட்டும் கனமே இல்லையே, துளிகூட!"

நிஜம்தான். ஒரு முழு இறக்கை ஒரு தபால் கவரைவிட லேசு. இறக்கையின் முன்விளிம்பை உருண்டையாகவும் பின்விளிம்பை மெல்லியதாகவும் உப்புத்தாளால் தேய்க்க வேண்டும். அழுத்தித் தேய்த்தால் மரம் போய்விடும். பூனையைத் தடவுகிற மாதிரி தடவ வேண்டும். அவர் தடவ ஆரம்பித்தார். ஒரு மணி நேரம். நான் போட்டு வைத்த சாயா ஆறி ஏடு கட்டிவிட்டது. உப்புத்தாளைப் பிடித்திருந்த அந்த விரல்கள், கொஞ்சம் கொஞ்சமாக, மடங்கியிருந்தன.

நான் சும்மா இருந்திருக்கலாம். இருந்தேனா?

"அக்கா, உங்க விரலைப் பாருங்க" என்றேன்.

பார்த்தார். உப்புத்தாளைக் கீழே வைத்தார். கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டார். "நேரமாச்சு" என்று எழுந்து போய்விட்டார். மறுநாள் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை.

அந்த இரண்டு நாளும், "நல்லதுதானே சொன்னேன்?" என்று கணவரிடம் புலம்பினேன். "நீ சொன்னது நல்லதுதான். அவங்களா கண்டுபிடிக்க வேண்டியதை நீ முந்திக்கிட்டே" என்றார் அவர்.

மூன்றாம் நாள் சாயங்காலம் படியில் செருப்புச் சத்தம்.

"இறக்கையை ஒட்டினியா?"

"இல்லக்கா."

"நல்லது. நீ ஒட்டியிருந்தா கோணியிருக்கும்."

அதற்குப் பிறகு நான் அவர் கையைப் பார்ப்பதையே விட்டுவிட்டேன். சுவரைப் பார்த்தேன், கூரையைப் பார்த்தேன், வீட்டுக்குக் கீழே இருக்கிற கிடங்கிலிருந்து வருகிற சுக்கு நெடியில் தும்மிக்கொண்டிருந்தேன். இறக்கையை நடுவில் வெட்டி, இரண்டு நுனியும் லேசாக மேலே நிற்கும்படி ஒட்ட வேண்டும். அப்போதுதான் கிளைடர் ஒரு பக்கம் சாயாமல் போகும். நுனிகளுக்கு அடியில் தீப்பெட்டிகளை முட்டுக் கொடுத்து, பசை காயும்வரை இரண்டு பேரும் மூச்சுவிடாமல் உட்கார்ந்திருந்தோம். வால் துண்டுகளைக் குண்டூசியால் குத்தி நிறுத்துகிற வேலை முழுக்க அவருடையது. குண்டூசி எடுப்பது எவ்வளவு சிரமமான காரியம் தெரியுமா? நான் எண்ணவில்லை. ஆனால் ஊசி கீழே விழும் சத்தம் நாளுக்கு நாள் குறைந்தது எனக்குக் கேட்டது.

ஒரு மாலையில் முடிய வேண்டியது மூன்று வாரம் ஆயிற்று.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஃபோர்ட் கொச்சி மைதானத்துக்குப் போனோம். கடல்காற்று எழும்பும் முன்னால் விட வேண்டும் என்று குறிப்பில் இருந்தது. ஒரு மூலையில் சில பேர் ஃபுட்பால் ஆடிக்கொண்டிருந்தார்கள். முதலில் நான் விட்டேன். கிளைடர் மூக்கை நிமிர்த்தி மேலே ஏறி, நடுவானில் ஒரு கணம் நின்று, பொத்தென்று விழுந்தது.

"மூக்கில கனம் போதலை" என்றார் ஜமீலாக்கா. பெட்டியோடு வந்த களிமண் முழுவதையும் ஏற்கனவே மூக்கில் அப்பியாகிவிட்டது. அவர் யோசிக்காமல் தன் முக்காட்டிலிருந்து இரண்டு ஊக்குகளைக் கழற்றி, அந்தக் களிமண்ணில் செருகினார்.

"இப்ப விடு."

"நீங்க விடுங்கக்கா."

தயங்கினார். மணிக்கட்டு முறிந்த பிறகு அவர் எதையுமே எறிந்ததில்லை.

"எறியக் கூடாதுன்னு போட்டிருக்குக்கா. நேரா, மெதுவா, முன்னால அனுப்பினா போதுமாம்."

அனுப்பினார்.

சத்தமே இல்லை. புல்லுக்கு மேலே ஓர் ஆள் உயரத்தில் நேராகப் போனது. இருபது அடி, முப்பது அடி... ஃபுட்பால் ஆடினவர்கள் ஆட்டத்தை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். நான் பக்கத்தில் திரும்பினால் ஜமீலாக்காவைக் காணோம். ஊக்கு இல்லாத முக்காடு தோளில் சரிய, நாற்பத்திரண்டு வயதில், அதன் பின்னால் ஓடிக்கொண்டிருந்தார்.

அன்று பதினோரு தடவை விட்டோம். கடைசி தடவை இறக்கை முறிந்தது. "பசை மிச்சம் இருக்கில்ல?" என்றார் அவர், மூச்சு வாங்க. திரும்பும் வழியில் அலமாரிச் சாவியைப் பற்றித் தானாகவே பேச்செடுத்தார். பந்தை எடுக்கப் போகிறாராம். "வலிச்சா வலிக்கட்டும்" என்றார்.

அக்டோபர் முடிய இரண்டு நாள் இருக்கும்போது ஆபீசுக்கு வந்தார். முதல் நாள் அரைப் பக்கம் அடித்துவிட்டு, பாத்ரூமில் போய் அழுதார். நான் வெளியே நின்றேன். ஒன்றும் சொல்லவில்லை, கற்றுக்கொண்டுவிட்டேன். இரண்டாம் நாள் ஒன்றரைப் பக்கம். மேனேஜர் வேறு ஆள் தேடும் பேச்சை அப்படியே விட்டுவிட்டார். பழைய வேகம் வரவில்லை. பக்கத்து கம்பெனி ஆட்கள் இப்போது வேடிக்கை பார்க்க வருவதில்லை.

வலது சுண்டுவிரலுக்கு மட்டும் இன்னும் பலம் வரவில்லை. அது தட்டுகிற 'பி' என்ற எழுத்து காகிதத்தில் மங்கலாகத்தான் விழுகிறது. வேறு கம்பெனியாக இருந்தால் தெரியாது. எங்கள் கடிதங்களில் வரிக்கு வரி 'பெப்பர்' – அதில் மூன்று 'பி'.

வெளிநாட்டிலிருந்து இதுவரை ஒரு புகாரும் இல்லை. எழுத்து மங்கினால் என்ன, சரக்கு காரமாக இருந்தால் போதாதா?