உப்பும் கடைசி உதையும்

போன வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டுச் சாம்பாரில் உப்பு இரண்டு தரம் விழுந்தது. அதற்காகக் கடவுளுக்கு நன்றி சொல்லிக்கொண்டிருக்கிறேன். இந்த மனுசனுக்குப் பைத்தியமோ என்று கேட்காதீர்கள்... கதையைக் கேளுங்கள்.

என் மகள் அபி மொன்ட்ரியால் தீவின் மேற்கு முனையில், எங்கள் வீட்டுப் பக்கமுள்ள சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில் விவசாயம் படிக்கிறாள். (“இதைப் படிக்கவோ கனடாவுக்கு வந்தனீங்கள்?” என்று கேட்ட உறவினர்களுக்கு என் வணக்கம்!) ஓய்வு நேரத்தில் ரக்பி லீக் விளையாடுகிறாள். கிரிக்கெட் தவிர வேறொன்றும் அறியாத எனக்கு அவள்தான் விளக்கினாள். பந்தோடு ஓடுகிறவர்களை எதிரணி ஆறு தரம் மடக்கிப் பிடித்தால் பந்து அந்த எதிரணிக்கே போய்விடும். ஆகவே ஐந்தாவது பிடி முடிந்ததும் பந்தைத் தூர உதைத்துவிட வேண்டும். எப்போது ஓடுவது, எங்கே உதைப்பது என்று முடிவெடுப்பவர்கள் இரண்டு பேர் — ஹாஃப்ஸ். ஒருத்தி அபி. மற்றவள் தீவின் மறுபக்கம் மொன்ட்ரியால்-நோரிலிருந்து வரும் மிர்லாந், இந்த சீசனில் புதிதாகச் சேர்ந்த ஹெய்ட்டிப் பெண்.

இருவரும் நன்றாக உதைப்பார்கள். அதுதான் பிரச்சினையே! அந்த வெள்ளிக்கு முந்தைய சனிக்கிழமை மட்சில், அவள் உதைப்பாள் என்று இவள் நின்றாள். இவள் உதைப்பாள் என்று அவள் நின்றாள். எங்கள் எல்லைக் கோட்டுக்குப் பக்கத்திலேயே பந்து பறிபோனது. தோல்வி. அடுத்த மட்சிலும் இப்படியென்றால் ஜோடியைப் பிரித்து அபியை பெஞ்சில் இருத்துவேன் என்று கோச் சொல்லிவிட்டார். காரில் வரும் வழியெல்லாம் அபி அழுதாள். பிள்ளை அழுதால் எந்தத் தகப்பனுக்குத் தாங்கும்?

வெள்ளிக்கிழமை மிர்லாந்தைச் சாப்பிடக் கூட்டிவந்தாள். விரத நாள். நானும் மனைவியும் சேர்ந்து சமைத்தோம். சுவாமிக்குப் படைக்கும் முன் ருசி பார்ப்பது எங்கள் வழக்கமில்லையே? படைத்தோம், கும்பிட்டோம், பரிமாறினோம். மிர்லாந் ஒரு வாய் வைத்தாள். மரியாதையாக “மெர்சி” என்று பிரெஞ்சில் நன்றி சொன்னாள். எடுத்த தண்ணீர்க் கிளாஸைக் கீழே வைக்கவேயில்லை.

நானும் ஒரு வாய் வைத்தேன். ஐயோ!

“நீர் உப்புப் போட்டனீரோ?” என்றேன் மனைவியிடம்.

“ஓம். ஏன், நீங்களும் போட்டனீங்களோ?”

“போட்டிட்டன் எண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே!”

“நீங்கள் கேட்டனீங்களோ?”

அபி விழுந்து விழுந்து சிரித்தாள். “அப்பா, நீங்கள் ரெண்டு பேரும் எங்களை மாதிரித்தான். ஆர் போடுறதெண்டு வாய் திறந்து கதைக்கிறேல்லை!” அதையே பிரெஞ்சில் மிர்லாந்துக்கும் சொன்னாள். அவள் சிரிக்கவில்லை. யோசித்தாள். பிறகு பாயாசக் கிண்ணங்களை மேசையில் அங்குமிங்கும் நகர்த்தி இருவரும் நெடுநேரம் பேசினார்கள். இடப்பக்கம் மிர்லாந், வலப்பக்கம் அபி. உதைப்பவள் முன்கூட்டியே கத்திச் சொல்ல வேண்டும்.

நினைத்துப் பார்த்தேன். வீடோ, ஒஃபீசோ, ஊர்ச் சங்கமோ... எத்தனை காரியம், மற்றவர் பார்த்துக்கொள்வார் என்று இருந்தே கெட்டுப்போயிருக்கிறது!

மறுநாள் மட்ச். முடியப்போகிற நேரம் — சமநிலை. ஐந்தாவது பிடி முடிந்தது. இடப்பக்கமிருந்து ஒரு குரல்:

“உப்பு!”

மிர்லாந்! முதல்நாள் மேசையில் அபி சொல்லிக்கொடுத்த சொல். அர்த்தம் புரியாமல் எதிரணி விழித்தது. அபி யோசிக்கவேயில்லை, பந்தை அவளிடம் எறிந்துவிட்டு விலகினாள். மிர்லாந் மூலைக்கு உதைத்தாள். ஓடிப்போன எங்கள் அணிப் பிள்ளை ஒருத்தி, எதிரணிக் கோட்டுக்கு அப்பால் அதன்மேல் விழுந்து புள்ளி எடுத்தாள். வெற்றி! ஜோடியைப் பிரிக்கப் போவதில்லை என்று கோச் அங்கேயே சொன்னார்.

பஸ்ஸும் மெட்ரோவும் மாறி, தீவின் அந்தக் கரையிலிருந்து இந்தக் கரைக்கு வந்து, என் பிள்ளையின் சிரிப்பைத் திருப்பித் தந்தவள் மிர்லாந். அவளுக்கு எந்த மொழியில் நன்றி சொன்னாலும் போதாது. சொன்னேன். அவள் என் மனைவியைக் கட்டிப்பிடித்து, தான்தான் நன்றி சொல்ல வேண்டும் என்றாள்.

உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள். நாங்கள் இரண்டு தரம் இட்டிருக்கிறோம்... லேசில் மறக்கமாட்டாள்!