பெரியவரின் தலை வெளுத்த வாரம்

கம்பிவலையில் நெற்றி பதிய நிற்கிறார் வான்கோழிக்காரர். வாயில் செருகிய பல் பிரஷ் அசையவில்லை. நுரை சட்டையில் சொட்டுகிறது. கையிலிருக்கும் டார்ச் விளக்கின் வெளிச்சம் முழுவதும் ஒரு வான்கோழிச் சேவலின் தலைமேல்.

ஊரார் காலையில் மேகத்தைப் பார்ப்பார்கள். இவர் வான்கோழித் தலையைப் பார்ப்பார். சிவந்திருந்தால் தெம்பு, வெளுத்தால் ஏதோ கோளாறு, கறுத்தால் போச்சு என்பது இவர் கணக்கு. போன முறை நோய் வந்து கொட்டகையே காலியானது. காலியான கொட்டகையைக் கழுவிவிட்டவரும் இவர்தான். அன்றிலிருந்து பாவம், ஒவ்வொரு தலையையும் பார்க்காமல் இவருக்குப் பொழுது விடிவதில்லை.

பறவையைப் பற்றிக் கேட்டால் மட்டும் ஆளே மாறிவிடுவார். "தலையில ஏன் இறகு இல்லைன்னு பாக்குறீங்களா? உடம்புச் சூடு அது வழியாத்தான் எறங்குது. அலகு மேல தொங்குற சதை இருக்கே, பொட்டைங்க அதோட நீளத்தப் பாத்துதான் மாப்பிள்ளைய முடிவு பண்ணும். கால்ல முள்ளு சண்டைக்கு. நெஞ்சுல கொத்தா முடி, அது சும்மா ஜம்பத்துக்கு." சொல்லிவிட்டுத் தம் வழுக்கையைத் தடவிக்கொள்வார். "எனக்கும் இங்கதான் சூடு எறங்குது."

'பெரியவர்' என்று இவர் கூப்பிடும் அந்தச் சேவலுக்கு இந்த வாரம் எப்போது பார்த்தாலும் தலை வெளுத்தே இருக்கிறது. தொங்கும் சதையும் சுண்டுவிரலாகச் சுருங்கிவிட்டது. எச்சத்தைக் குச்சியால் கிளறிப் பார்த்தாயிற்று, கோளாறு இல்லை. தீனியும் குறையவில்லை. ஆனாலும் மனம் கேட்கவில்லை. இன்றும் தெளியாவிட்டால், மற்றவற்றைக் காப்பாற்ற இதைத் தீர்த்துவிடுவது என்று முடிவு. கத்தியைத் தீட்டிவிட்டார், அதை வைத்த பக்கம் திரும்பத்தான் மாட்டேன் என்கிறார்.

தீனிக் கூடையோடு வந்த மனைவி நின்று பார்த்தாள்.

"ஏங்க, நான் தீனி வைக்கிறப்ப நல்லா செவந்து தோகைய விரிச்சிட்டு நிக்குது. நீங்க வந்தாத்தான் வெளுக்குது."

"நான் என்ன பண்ணேன்?"

"டார்ச்ச அடிச்சு இப்படி முறைச்சா? உங்க மூஞ்சியப் பாத்தா எனக்கே பயமா இருக்கு."

"அப்ப ஒளிஞ்சு நின்னு பாக்கவா? நடக்காதும்மா. அதுக்குக் கண்ணு ரெண்டு பக்கமும் இருக்கு. பின்னால நிக்கிறவனையும் கண்டுபிடிச்சிடும்."

யோசித்தார். வீட்டுக்குள் போய்ச் சவரக் கண்ணாடியைக் கழற்றி வந்தார். கொட்டகைக்கு முதுகைக் காட்டி, கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்து, கண்ணாடியைத் தோளுக்கு மேலே பிடித்தார். முதலில் தெரிந்தது அவருடைய வெளுத்த முகம்தான்.

வெகுநேரம் ஒன்றுமில்லை. பிறகு முதுகுக்குப் பின்னால் இறக்கை தரையில் உரசும் சத்தம். கண்ணாடியில் தோகை விரிந்தது. தொங்கும் சதை நீண்டு அலகைத் தாண்டி ஆடியது. தலை செக்கச்செவேல் என்றிருந்தது.

"இப்ப செவந்துடுச்சா இல்லையா?" என்றாள் மனைவி.

அவர் திரும்பவில்லை. கண்ணாடியைச் சட்டை நுனியால் துடைத்து, மறுபடியும் தோளுக்கு மேலே தூக்கினார்.