வெற்றுத் தாளில் முதல் கையெழுத்து

நான் சந்தேகப் பிராணி. தராசுத் தட்டின் அடியில் விரல் விட்டுப் பார்க்காமல் உப்புக்கூட வாங்க மாட்டேன். அப்படிப்பட்ட நானும் ஊர் மனு என்றால் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டவன்தான். எங்கள் வழக்கம் அப்படி. முதலில் வெற்றுத் தாள் வீடு வீடாக வரும். எல்லோரும் கீழே கையெழுத்தோ கைநாட்டோ வைப்போம். அப்புறம் யாராவது நாகர்கோவிலுக்குக் கொண்டுபோய் மேலே விஷயத்தை மலையாளத்தில் எழுதி வாங்குவார்கள். திருவிதாங்கூர் சர்க்காருக்கு மனு அப்படித்தான் போகும்.

அந்த முறை தாளைக் கொண்டுவந்தவர் குளத்தின் மேல்மடையில் வயல் வைத்திருந்த பண்ணையார். "குளத்த மராமத்துப் பண்ணத்தான்வே" என்றார். அடுக்களையிலிருந்து என் மனைவி, "எழுதுன பெறவு ஒப்புப் போட்டா ஆகாதா?" என்று கேட்டாள். "ஒனக்கு என்னட்டி தெரியும்!" என்று அதட்டிவிட்டு, ஊரில் முதல் ஆளாகப் போட்டேன்.

மாசியில் அறுக்கும் கும்பப்பூ நெல் கதிர் தள்ளும் நேரத்தில் சர்க்கார் ஆட்கள் வந்து எங்கள் கீழ்மடையைக் கல்லும் மண்ணும் வைத்து அடைத்துவிட்டார்கள். குளத்துத் தண்ணீரெல்லாம் மேல்மடை வயல்களுக்கே போனது. கீழ்மடைத் தண்ணீரை விட்டால் என் வயலுக்கு வேறு கதியில்லை. எல்லாம் கள்ளப்பயல்கள், எவனோ கைக்கூலி வாங்கியிருக்கிறான் என்று பொருமிக்கொண்டு தாலுகா கச்சேரிக்கு ஓடினேன். குமாஸ்தா சாவகாசமாக மனுவை எடுத்துத் தமிழில் சொன்னார். கீழ்மடை ஒழுகுகிறது, யாருக்கும் பயனில்லை, அடைத்துவிட வேண்டுமென்று ஊரார் கேட்டுக்கொள்கிறோம். அடியில் முதல் கையெழுத்து என்னுடையது. வெட்கத்தில் காது எரிந்தது.

பயிர் காய்ந்தது. அறுத்து மாட்டுக்குப் போட்டோம். கட்டுக்கட்டாக மனைவிதான் சுமந்து வந்தாள். நாலு வார்த்தை ஏசியிருந்தால் தேவலை என்றிருந்தது.

மடையைத் திறக்கச் சொல்லி மறுமனு எழுதினோம். எழுதிய தாளைச் சாயாக்கடை முன்னால் வைத்து, பள்ளிக்கூட வாத்தியாரை ஒவ்வொரு வரியாக வாசித்துத் தமிழில் சொல்ல வைத்தேன். "மடை ஒழுகுகது உள்ளதுதானே? அத ஏன் மறைக்கணும்?" என்று மேல்மடைக்காரர் ஒருவர் எழுந்தார். எனக்குக் கோபம்தான் வந்தது. ஆனால் அவர் சொன்னது நிஜம். உச்சிப்பொழுதுவரை வாதாடி, ஒழுகலை அடைத்துவிட்டு மடையைத் திறக்க வேண்டும் என்று மாற்றி எழுதினோம்.

பண்ணையார் வந்து பார்த்தார். "என்னவே, ஊர நம்பலியா?"

"ஊர நம்புகேன். என் கையத்தான் நம்பல."

எல்லோரும் ஒப்புப் போட்டார்கள். நான் மட்டும் தாளை வீட்டுக்குக் கொண்டுபோய், அதில் இருந்ததை மனைவிக்குச் சொன்னேன். அவள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"இன்னொருக்கச் சொல்லுங்கோ" என்றாள்.

மறுபடி முதலிலிருந்து சொன்னேன். அவள் தலையாட்டிய பிறகுதான் பேனாவை எடுத்தேன்.