பாடகரின் மூச்சைத் தேடி குன்னூருக்கு

போன புதன்கிழமை எமரால்டிலிருந்து குன்னூருக்குப் போனேன், ஒரு சிடி வாங்க. எனக்கு எழுபத்தொரு வயது. எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டது போன வருடம்தான். மெதுவாகத்தான் எழுத வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மூன்று வருடத்துக்கு முன் ஒரு பழைய சிடி பிளேயர் வாங்கினேன். அதற்குள் யாரோ ஒரு சிடியை மறந்து விட்டிருந்தார்கள். லண்டன் ஓட்டல்களில் தொண்ணூறு வருடத்துக்கு முன் வாசித்த டான்ஸ் பேண்ட். இரைச்சலோடு இருந்தாலும் எட்டாவது பாட்டில் பாடகர் வாய் திறக்கும் முன் மூச்சு இழுப்பது கேட்கும். அந்த இடத்துக்காகவே தினமும் போட்டேன். சிடி கீறல் விழுந்து நின்றுபோனது. அதே பாட்டுகளை வேறொரு கம்பெனி சுத்தப்படுத்தி வெளியிட்டதை வாங்கினேன். இரைச்சல் போயிருந்தது, கூடவே மூச்சும் போயிருந்தது. இப்போது மூன்றாவதாக ஒரு மறுபதிப்பு வந்திருக்கிறது. இதில் மூச்சு இருக்கிறதா? இதுதான் என் கவலை.

காலை ஏழரைக்கு பஸ். ஊட்டியில் மாறி, பதினொன்றுக்கு முன்பே குன்னூர். போக மட்டும் நாற்பத்தைந்து ரூபாய். அங்கே பெட்ஃபோர்டு என்ற பகுதியில் ஸ்டெல்லா என்ற டீச்சர் தன் வீட்டு மாடியில் இந்த மாதிரி சிடிகளை விற்கிறார். கேட்டுப் பார்த்து வாங்கலாம், வாங்கியதைத் திருப்ப முடியாது. போனால் கரண்ட் இல்லை. பராமரிப்பு வேலையாம், ஐந்து மணிக்குத்தான் வருமாம். அதுவரை இருந்தால் எனக்கு ஊர் பஸ் கிடைக்காது.

“கீழ டாக்ஸி ஸ்டாண்டுல ஒரு வண்டியில போட்டுக் கேட்டுட்டு வாங்க. கீறல் விழுந்தா அது உங்க சிடிங்க,” என்று டீச்சர் கையில் கொடுத்துவிட்டார்.

ஸ்டாண்டில் முதல் வண்டி செந்தில் என்ற டிரைவருடையது.

“ஏனுங்க, எங்க போகோணும்?”

“எங்கயும் போக வேணாம் தம்பி. உங்க வண்டியில ஒரு பாட்டு கேக்கணும்.”

“நிக்கற வண்டிக்கு சவாரியா! டீ வாங்கிக் குடுங்க, போதும். என்ன பாட்டுங்க?”

“வெள்ளக்காரன் பாட்டு.”

“அப்ப ரெண்டு டீ!”

முன் சீட்டில் உட்கார்ந்து கண்ணாடியை ஏற்றினோம். எட்டாவது பாட்டு. டிரம்பெட் ஓய்ந்தது. மூச்சு கேட்டது போலிருந்தது. ஆனால் என் இடது காது மந்தம். ஆசை கேட்டதா, காது கேட்டதா என்று தெரியவில்லை.

செந்தில் சட்டென்று திரும்பிப் பின் சீட்டைப் பார்த்தார்.

“யாருங்க பின்னாடி ஏறி மூச்சு வாங்கறது?”

சீட் காலி. எனக்குச் சிரிப்பு அடங்கவே இல்லை. மாடிப்படி ஏறியதே தெரியவில்லை. நானூற்றைம்பது ரூபாயை டீச்சரிடம் கொடுத்துவிட்டு, ரெண்டு டீயோடு வண்டிக்குத் திரும்பி வந்தேன்.

போகிறவர்களுக்குச் சொல்கிறேன்: கரண்ட் நிறுத்தும் நாளை விசாரித்துக்கொண்டு கிளம்புங்கள். பாட்டை விவரம் தெரியாத ஒருவரோடு கேளுங்கள். எதைத் தேடுகிறீர்கள் என்று முன்னாலேயே சொல்லிவிடாதீர்கள். பிறகு விஷயத்தைச் சொல்லி இன்னொரு முறை போடுங்கள். நாங்கள் அப்படிப் போட்டபோது, அந்த இடம் வந்ததும் டீ கிளாஸைக் கையில் பிடித்தபடி செந்திலும் பாடகரோடு சேர்ந்து மூச்சை இழுத்தார்.