வெளுத்த நண்டு

என் மனைவியின் தம்பியைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தை சொல்லச் சொன்னால் நான் கொஞ்ச நேரம் யோசிக்க வேண்டியிருக்கும். பிறந்தது பழவேற்காட்டுக் கோட்டைக்குப்பத்தில். கடலுக்கும் போவதில்லை, ஏரிக்கும் போவதில்லை. மீஞ்சூர்ப் பக்கம் ஏதோ கம்பெனியில் ஷிப்ட் வேலை. கடையில் இருப்பதிலேயே விலை உயர்ந்த போனைத் தவணையில் வாங்கி, பாதி வெளியே தெரிகிற மாதிரி சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிவான். அந்தப் போனில் அவன் செய்கிற காரியம் ஒன்றே ஒன்றுதான். தன் முகத்தைத் தானே படம் எடுப்பான். படகின் முன்னால் நின்று எடுப்பான், வலைமேல் உட்கார்ந்து எடுப்பான். படகும் அவனுடையது இல்லை, வலையும் அவனுடையது இல்லை. படத்தில் வருகிற முகம்கூட அவனுடையது இல்லை. கறுத்த பயல், படத்தில் மட்டும் கல்யாணப் பத்திரிகை மாப்பிள்ளை மாதிரி வெளுத்திருப்பான்.

அப்படிப்பட்டவனிடம் போய் நான் போன் விஷயமாக யோசனை கேட்டேன் என்றால், குற்றம் என்னுடையதுதான். ஆனால் எனக்கு வேறு வழி தெரியவில்லை.

என் தொழில் நண்டு வாங்குவது. காலையில் ஏரிக்கரையில் இருக்கிற தோணிரேவுக்குப் போவேன். அங்கே ஒன்பது பெண்கள் ஏரியில் இறங்கிக் கையாலேயே நண்டும் இறாலும் பிடிப்பார்கள். ஓலையில் முடைந்த பறிக்கூடையைப் பல்லால் கடித்துக்கொண்டு, இரண்டு கைகளையும் சேற்றுக்குள் விட்டுத் துழாவுவார்கள். அவர்கள் கொண்டு வருகிற சேற்று நண்டை நான் வாங்கி, கால்களைச் சணலால் கட்டி, சென்னையில் இருக்கும் ஒரு முதலாளிக்கு அனுப்புவேன். இருபது வருஷப் பழக்கம். முன்பெல்லாம் அனுப்பினால் போதும். இப்போது முதலில் படம் அனுப்ப வேண்டும். அவர் அங்கே காற்றாடிக்குக் கீழே உட்கார்ந்து காப்பி குடித்தபடி படத்தைப் பார்ப்பார். 'ஏத்து' என்றால் வண்டியில் ஏறும், 'வேணாம்' என்றால் இல்லை. நண்டைக் கையில் எடுத்துப் பார்க்க வேண்டிய மனிதர் படத்தைப் பார்த்து நண்டு வாங்குகிறார். அதற்கு முன்னேற்றம் என்று பெயராம்.

என்னுடைய போன் ஆறு வருஷத்துக் கிழம். உப்புக் காற்றில் கேமரா கண்ணாடி மங்கி, எதை எடுத்தாலும் புகைக்குள் இருக்கிற மாதிரி விழும். முதலாளி தினமும் திட்டுவார். ஒரு நாள் கறாராகவே சொல்லிவிட்டார்.

"இன்னாப்பா, இது நண்டா, நாலு உருண்ட சேறா? எனக்கு ஒன்னும் தெர்ல. இன்னும் பத்து நாள் பாப்பேன். அப்பால ஆரம்பாக்கத்துல ஒருத்தன் கீறான், அவன்கிட்டயே வாங்கிக்கிறேன்."

பயந்துவிட்டேன். அவர் போனால் எனக்கு வேறு ஆள் இல்லை. நான் போனால் அந்த ஒன்பது பெண்களும் தலைச்சுமையாகப் பழவேற்காட்டு மார்க்கெட்டுக்கு நடந்து, அங்கே கேட்கிற விலைக்குத் தள்ளிவிட்டு வர வேண்டியதுதான். அதனால்தான் மச்சானிடம் வாயைத் திறந்தேன். அவன் துள்ளிக் குதித்தான். நான் என்னமோ ஞானம் பெற்றுவிட்ட மாதிரி என் தோளில் தட்டினான்.

"இப்பயாவது புத்தி வந்துச்சே மாமா. வாங்குறதே வாங்குற, பெருசா வாங்கு. நாளைக்கே பொன்னேரி போலாம்."

பொன்னேரியில் அந்தக் கடை கல்யாண மண்டபம் போல ஜொலித்தது. கழுத்தில் டை கட்டிய ஒரு பையன் வந்து, இது நிலாவை எடுக்கும், அது இருட்டில் எடுக்கும் என்று ஒப்பித்தான். நிலாவை வாங்க எந்த முதலாளி இருக்கிறார் என்று நான் கேட்கவில்லை. தண்ணீர் பட்டாலும் கெடாது என்றான்.

"எந்தத் தண்ணி?" என்று கேட்டேன்.

"தண்ணிதான் சார்."

"ஏரித் தண்ணியா?"

அவன் உள்ளே போய் யாரிடமோ கேட்டுவிட்டு வந்து, உப்புத் தண்ணீருக்கு அது பொருந்தாது சார் என்றான். அப்புறம் எந்தத் தண்ணீருக்குப் பயந்து அத்தனை காசு கொடுப்பது? எங்கள் ஊரில் குடத்தில் இருப்பதைத் தவிர மற்றதெல்லாம் உப்புத் தண்ணீர்தான்.

போனை என் கையில் கொடுத்தான். கனமாக, பளபளவென்று இருந்தது. நான் அதைத் திருப்பிப் போட்டு, அடிப்பக்கத்தில் கட்டைவிரலை வைத்து ஓர் அழுத்து அழுத்தினேன்.

"சார் சார், அமுக்காதீங்க!" என்று பையன் பதறினான். மச்சான் என்னைத் தெரியாதவன் போலத் தள்ளி நின்றுகொண்டான்.

அது கைப்பழக்கம். ஒரு நண்டு ஓடு கழற்றிப் புது ஓடு போட்டிருந்தால் உள்ளே சதை இருக்காது, வெறும் தண்ணீர்தான். தண்ணி நண்டு என்போம். பார்க்க அழகாக இருக்கும். வயிறு வெள்ளை வெளேரென்று, கறை இல்லாமல், அப்போதுதான் கழுவி வைத்த மாதிரி. சதை பிடித்த நண்டோ அசிங்கமாக இருக்கும். வயிற்றில் துருப் பிடித்த மாதிரிக் கறை, ஓட்டில் பாசி, தேய்ந்துபோன கொடுக்கு. ஆனால் கண்ணை நம்பி யாரும் வாங்க மாட்டோம். வயிற்றில், கால் தொடங்குகிற இடத்தில், கட்டைவிரலால் அழுத்துவோம். அமுங்கினால் தண்ணி நண்டு. இருபது வருஷமாக என் கையைத் தாண்டிப் போன ஒவ்வொரு நண்டையும் நான் அழுத்தியிருக்கிறேன். முதலாளி என்னிடம் வாங்குவது நண்டை இல்லை, இந்தக் கட்டைவிரலை என்று நானே பீற்றிக்கொண்டதும் உண்டு.

அன்று போன் வாங்கவில்லை. விலையைக் கேட்டதும் போனைப் பையனிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன். வரும் வழியில் மச்சான் தன் போனையே ஒரு நாளைக்குத் தருகிறேன், எடுத்துப் பார்த்துவிட்டு முடிவு பண்ணு என்றான். எவ்வளவு நல்ல மனசு என்று நினைத்தேன். நான் வாங்கினால் கடைக்காரன் அவனுக்கு ஒரு ஹெட்போன் சும்மா தருவதாகச் சொல்லியிருந்தது பிறகுதான் தெரிந்தது.

மறுநாள் காலை அந்தப் போனோடு தோணிரேவில் போய் இறங்கினேன். ஒன்பது பேரில் மூத்த அக்கா அன்றைக்கு நல்ல வேட்டையோடு வந்திருந்தாள். என்னைவிட நாலைந்து வயது பெரியவள், வாய் கொஞ்சம் நீளம். கூடையில் பதினான்கு நண்டுகள், ஒவ்வொன்றும் சோற்றுத் தட்டு அகலம். அந்த வருஷத்திலேயே நான் பார்த்த சிறந்த கூடை அதுதான். மகளின் வளைகாப்புக்கு இதைத்தான் நம்பியிருக்கிறேன் என்றாள்.

நான் நண்டுகளைப் புரட்டிப்போட்டு வரிசையாக அடுக்கினேன். படம் எடுத்தேன். மேலிருந்து ஒன்று, பக்கத்திலிருந்து ஒன்று. பெண்கள் எல்லோரும் வந்து எட்டிப் பார்த்தார்கள். எனக்கு அப்படி ஒரு பெருமை. நான் கேவலமாகப் பேசுகிற மச்சான் படகுமுன்னால் நின்று என்ன பண்ணுவானோ அதைத்தான் நானும் பண்ணிக்கொண்டிருந்தேன்.

அக்கா மட்டும் படத்தை உற்றுப் பார்த்தாள்.

"இது என் நண்டு இல்ல நைனா. இன்னா, குளிப்பாட்டி பவுடர் போட்டு வுட்டியா?"

"சும்மா இரு அக்கா. இது பெரிய போனு. உனக்கு இன்னா தெரியும்?" என்றேன்.

அவள் நகர்ந்துவிட்டாள். 'மச்சானோட பெரிய வெல போன்ல எடுத்தது சார்' என்று எழுதிப் படத்தை அனுப்பினேன். ஐந்து நிமிஷத்தில் முதலாளியே கூப்பிட்டார்.

"ஏய், இன்னா வெளாட்றியா? பதினாலும் தண்ணி நண்டு! வயிறெல்லாம் பால் மாதிரி கீது. இத்த போய் சத நண்டுனு அனுப்புறியே."

கீழே நண்டைப் பார்த்தேன். துருக்கறையும் பாசியுமாக அம்சமாகக் கிடந்தன. போனைப் பார்த்தேன். கறையும் இல்லை, பாசியும் இல்லை, எல்லாம் வழவழவென்று வெளுத்திருந்தன. மச்சான் தன் மூஞ்சிக்காக அதில் எதையோ போட்டு வைத்திருந்தான். அவனை வெளுக்க வைத்த அதே சனியன் என் நண்டையும் வெளுக்க வைத்துவிட்டது. அழுக்கு என்றால் அசிங்கம் என்று நினைக்கிற எவனோ எங்கோ உட்கார்ந்து செய்த வேலை. நண்டுக்கு அழுக்குதான் மரியாதை என்பது அவனுக்கு எப்படித் தெரியும்?

"போட்டோ அப்டி வந்துச்சு சார், நண்டு நல்ல நண்டு."

"அவ்ளோ வெல போனு பொய் சொல்லுமா? செரி, நீ அமுக்கிப் பாத்தியா?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பார்க்கவில்லை. இருபது வருஷத்தில் முதல் தடவையாக ஒரு கூடை நண்டை அழுத்திப் பார்க்காமல், படம் எடுக்கிற மும்முரத்தில் அப்படியே விட்டிருந்தேன்.

"பாத்தேன் சார். பதினாலும் அமுக்கிப் பாத்தேன்" என்றேன்.

அக்கா மூன்றடி தள்ளி நின்று சேலையைப் பிழிந்துகொண்டிருந்தாள். தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள்.

என் பழைய போனில் படம் எடுத்து அனுப்பினேன். மங்கலாக இருந்தாலும் கறை தெரிந்தது. அதை நேற்றுப் பிடித்த வேறு நண்டு என்று சொல்லிவிட்டார் முதலாளி. வண்டிக்காரனிடம் ஏற்ற வேண்டாம் என்று சொல்லிவிட்டார். உள்ளதைக் காட்டிய கிழட்டுப் போன் பொய்யாம், இல்லாததைக் காட்டிய பவிசுப் போன் நிஜமாம்!

கூடையை ஈரச்சாக்கால் மூடி பைக்கில் கட்டி, நானே சென்னைக்குக் கிளம்பினேன். போய்ச் சேர உச்சி வெயிலாகிவிட்டது. முதலாளி எழுந்து வந்து, ஒரு நண்டை எடுத்து அழுத்தினார். இரண்டாவது, மூன்றாவது. பதினான்கும் கல்லு மாதிரி இருந்தன. நான் செய்யாத வேலையை அவர் என் கண்முன்னால் செய்துகொண்டிருந்தார். கடைசியில், "போட்டோல வேற மாதிரி இருந்துச்சுப்பா" என்றார். தப்பு என்று சொல்லவில்லை, சொல்கிற ஆளும் இல்லை. ஆனால் முழு விலை போட்டார். இனிமேல் என் பழைய போனிலேயே அனுப்பச் சொன்னார்.

மச்சானிடம் போனைத் திருப்பிக் கொடுத்தபோது, அந்த வெளுப்பை அணைக்கத் தெரியாதது என் தப்பு என்றான். பிறகு வாங்குகிறாயா இல்லையா என்று கேட்டான். உன் மூஞ்சிக்குத்தான் அது லாயக்கு என்று சொல்லிவிட்டு வந்தேன். மார்க்கெட் ஓரத்தில் பழுது பார்க்கிற கடையில் என் போனுக்குக் கேமரா கண்ணாடி மட்டும் மாற்றிக்கொண்டேன். கால் மணி நேர வேலை. இதைப் பொன்னேரியில் எவனும் சொல்லவில்லை.

மறுநாள் தோணிரேவில் அக்காவிடம் பணத்தைக் கொடுத்து, நண்டு விலைபோன கதையைக் கொஞ்சம் ஜோடித்தே சொன்னேன். முதலாளியைத் திட்டினேன், மச்சானைத் திட்டினேன், போனை அதைவிடத் திட்டினேன். அக்கா பணத்தை இடுப்பில் செருகிக்கொண்டாள். அன்றைக்கு அவளுக்குச் சின்ன வேட்டை, ஐந்தே நண்டுதான். நான் வழக்கம்போலப் படம் எடுக்கப் போனை வெளியே எடுத்தேன். அவள் கூடையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"போன உள்ள வை நைனா."

வைத்தேன். ஒரு நண்டை எடுத்து, வயிற்றைத் திருப்பி, என் கைக்கு நேராக நீட்டினாள்.

"அமுக்கு" என்றாள்.

மற்ற எட்டுப் பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அழுத்தினேன். கல்லாக இருந்தது. அதைக் கீழே வைத்துவிட்டு அடுத்ததை நீட்டினாள்.