சகாய பிரியாவின் முழங்கைகள்

கூட்டேரிப்பட்டில் பேருந்து நின்றதும், விற்கிற மல்லாட்டைக் கடலைக் கூடையைத் தூக்குவதற்கு முன் லூர்துசெல்வி ஒரு காரியம் செய்வாள். பக்கத்தில் நிற்கும் மகளின் சட்டைக் கையை இரண்டு விரலால் பிடித்து, முழங்கை மறையும்வரை கீழே இழுத்துவிடுவாள். சட்டையே பெரிதாகத் தைத்ததுதான்.

ஒன்பது வயது சகாய பிரியாவின் முழங்கைகளிலும் முட்டிகளிலும் மஞ்சள் மஞ்சளாக முடிச்சுகள். ஊர் அதை மரு என்றது. மாதா கோயிலில் உப்பும் மிளகும் கொட்டினார்கள். உப்பு கரைந்தது, மரு உதிரவில்லை. "அந்தப் பொண்ணு கையால வாங்காத, ஒட்டிக்கும்" என்று பேருந்து ஜன்னலில் ஒரு குரல் கேட்ட பிறகுதான், 2009இல், லூர்துசெல்வி மகளோடு விழுப்புரம் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினாள். எதிர் வீட்டுக்காரன் என்பதால் துணைக்கு நானும் போனேன்.

ரத்தம் எடுத்துப் பார்த்த டாக்டர், "இது மரு இல்லம்மா, கொழுப்பு" என்றார்.

"கூழு குடிக்கிற புள்ளைக்கு ஏது சார் கொழுப்பு?"

"தின்னு வந்தது இல்ல, பரம்பரையா வர்றது. தோல்ல நமக்குத் தெரியுது. நெஞ்சுக் குழாய்லயும் கட்டும். இவங்கப்பா எங்க?"

"கெடார்ல கரும்பு வெட்டிக்கினு இருந்தாரு. நெஞ்சப் புடிச்சிக்கினு உக்காந்தவருதான் சார். முப்பத்திரெண்டு வயசு."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "சொந்தத்துல கட்டினீங்களா?"

"இல்ல சார். அந்நியம்."

பொய். ஊருக்கே தெரியும். அவள் புருஷன் அடைக்கலராஜ் அவளுடைய அத்தை மகன். திருச்சபையில் அப்படிக் கட்ட ஆயரின் அனுமதி வேண்டும். கிடைக்காதோ என்று பயந்து உறவை மறைத்தார்கள். கோயிலில் மூன்று ஞாயிறு கல்யாண ஓலை வாசித்து, தடை உண்டா என்று சாமியார் கேட்டபோது ஒருவரும் வாய் திறக்கவில்லை. அன்றிலிருந்து பூசையில் எல்லோரும் நற்கருணை அப்பமான நன்மை வாங்கப் போகும்போது, மறைத்த பாவத்தோடு வாங்கக் கூடாது என்று அவள் மட்டும் இருந்த இடத்திலேயே முட்டிபோட்டிருப்பாள்.

"அந்நியம்னா வேற காரணமும் தேடணும்" என்றார் டாக்டர். "சொந்தம்னா வீட்டுல இருக்கிற உங்க சின்னப் பையனையும் இப்பவே பாத்தாகணும். வெளிய ஒண்ணும் தெரியாம உள்ள இருக்கும்."

கதவுவரை போனவள் திரும்பி வந்தாள்.

"அத்தப் புள்ளதான் சார். எங்க சாமியார் காதுக்கு மட்டும் போவக்கூடாது."

"உங்க சாமியாருக்கும் எனக்கும் பேச்சுவார்த்தையே இல்லம்மா. போயி பையனக் கூட்டினு வா, ஜல்தி."

பையன் ஆஸ்வினுக்குத் தோல் பளிங்குபோல இருந்தது. ரத்தம் அப்படி இல்லை. இரண்டு பிள்ளைகளும் மாத்திரை போட ஆரம்பித்தார்கள். நன்மை வாங்க மட்டும் அவள் எழுந்து போகவில்லை.

சில வருடம் கழித்து, சாமியாருக்குத் துணையாகக் கோயில் வேலை பார்க்கும் உபதேசியார் என்னிடம் பேச்சுவாக்கில் சொன்னார். ஓலை வாசிக்கும் முன்பே அடைக்கலராஜ் தனியாக வந்து சாமியாரிடம் உறவைச் சொல்லி, ஆயரின் அனுமதியும் வாங்கிவிட்டானாம். "அது செல்விக்குத் தெரியும்னுதான் நாங்க இருந்தோம்."