காடு இல்லாத கட்டு

ஏரம்பமூர்த்தி பினாங்குத் தண்ணீர்மலைக் கோயிலுக்குப் போனால் இடது செருப்பை ஓரிடத்திலும் வலது செருப்பை வேறோர் இடத்திலும் கழற்றி வைப்பார். ஒற்றைச் செருப்பை எவனும் திருடமாட்டான் என்பது அவர் கணக்கு. கும்பிட்டு வந்தபின் அவர் வலது செருப்பைத் தேடி முடிக்கும்வரை மனைவி கமலாம்பிகை வெயிலில் நிற்பாள்.

கெலுகோரில், பல்கலைக்கழக இரசாயனக்கூடத்தின் ஸ்டோர் அவர் பொறுப்பில் இருந்தது. மாணவர்கள் திருப்பிக் கொடுக்கும் கண்ணாடிக் குடுவைகளை வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார். விரலால் சுண்டி ஓசை கேட்பார். கீறல் இருந்தால் ஒரு முறை முறைப்பார். கீறலே இல்லாத குடுவை வந்தால் அதிக நேரம் பார்ப்பார். மாற்றி வைத்துவிட்டார்களோ என்று.

அவருக்கு இருந்த ஒரே பொழுதுபோக்கு, வெள்ளிக்கிழமை மாலைகளில் இலங்கைத் தமிழர் சங்க மண்டபத்தில் முந்நூற்றிநாலு ஆடுவது. ரயில்வே வேலைக்கும் கிளார்க் வேலைக்கும் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்கள் கூடவே கொண்டுவந்த சீட்டாட்டம் அது. நாலு பேர், இரண்டு கூட்டு. ஒரு சீட்டுக்கட்டைப் பிரித்ததும் முதல் வேலை, இரண்டு முதல் ஆறு வரை உள்ள சின்னச் சீட்டுகளைப் பொறுக்கி எறிவது. அவற்றுக்குப் புள்ளி கிடையாது, ஆட்டத்தில் இடமும் கிடையாது. அவருடைய வீட்டில் அந்தச் சின்னச் சீட்டுகளின் ஓரத்தில் கமலாம்பிகை பசார் சாமான்களை எழுதிக்கொண்டு போவாள். மூன்று டைமன் சீட்டில் மீனும் முருங்கைக்காயும் இருக்கும்.

அந்த மேசையில் அவருடைய கூட்டாளி விஸ்வலிங்கம். பல வருடக் கூட்டாளி. ஒரு வெள்ளிக்கிழமை விஸ்வலிங்கம் கலைத்தார், பக்கத்தில் இருந்தவர் கட்டை வெட்டினார். ஏரம்பமூர்த்திக்கு விஸ்வலிங்கத்தின் கட்டைவிரல் போன விதம் சரியில்லை என்று பட்டது.

"இன்னொருக்காக் கலையுங்கோ" என்றார்.

சொந்தக் கூட்டாளியைப் பார்த்து யாரும் அப்படிச் சொன்னதில்லை. ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை. விஸ்வலிங்கம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மாட்டிக்கொண்டு மறுபடி கலைத்தார். ஆட்டம் நடந்து முடிந்தது. அடுத்த வெள்ளிக்கிழமை அவர் போனபோது நாலு நாற்காலியிலும் ஆள் இருந்தது. விஸ்வலிங்கம் கையிலிருந்த சீட்டைப் பார்த்தபடியே, "இண்டைக்கு ஆள் நிரம்பிப்போச்சு, மூர்த்தி" என்றார். அதற்கடுத்த வெள்ளிக்கிழமையும் நிரம்பியிருந்தது.

வீட்டில் நாலு பேருக்கும் தானே போட்டு ஆடிப் பார்த்தார். எல்லார் கையும் தெரிந்த ஆட்டம் உப்பில்லாத கஞ்சி போல இருந்தது. எதிரில் ஒரு ஆள் வேண்டும். அந்த ஆளை நம்பவேண்டும் என்பதில்லை, உட்கார்ந்திருந்தால் போதும். ஐம்பது வயதை நெருங்கும் ஒரு மனிதருக்குப் பினாங்கில் அது எங்கே கிடைக்கும் என்று அவருக்குத் தெரியவில்லை.

அது தொண்ணூற்றாறாம் வருடம். இரசாயனக்கூடத்து மாடிப்படியில் மாணவர்கள் ஒரு புதுச் சீட்டாட்டம் ஆடத் தொடங்கியிருந்தார்கள். ராஜா, ராணி இல்லாத சீட்டுகள். மிருகங்கள், பூதங்கள், தாடி வைத்த மந்திரவாதிகள். இருவர் மட்டும் ஆடுவது, ஆளுக்கொரு கட்டு. கட்டை அவரவரே காசு கொடுத்து, பிடித்த சீட்டாகப் பார்த்துச் சேர்த்துக்கொள்ள வேண்டும். சந்திரிகா என்ற மருந்தியல் மாணவி எப்போதும் அங்கே இருப்பாள். ஒருமுறை அவள் திருப்பிக் கொடுத்த குடுவையை அவர் மூன்று தடவை சுண்டிப் பார்த்ததுண்டு.

ஸ்டோர் கதவிடுக்கில் நின்று அவர் பார்த்தது ஆட்டத்தை அல்ல, ஆட்டம் தொடங்குவதை. சந்திரிகா தன் கட்டைக் கலைத்து எதிரில் இருந்தவனிடம் நீட்டினாள். அவன் அதைத் தன் கையால் மறுபடி கலைத்தான். அவனுடைய கட்டை அவள் கலைத்தாள். இருவர் முகத்திலும் எந்த வருத்தமும் இல்லை. அப்புறம் கட்டுகள் அவரவர் கைக்குத் திரும்பின, ஆட்டம் தொடங்கியது.

மறுநாள் குடுவை வாங்கும்போது, எதற்காக அப்படி என்று சந்திரிகாவிடம் கேட்டார். அதுதான் விதி என்றாள். எதிராளி அடுக்கி வைத்திருக்கலாம் அல்லவா, அதனால் எல்லோரும் எல்லோருடையதையும் கலைப்பார்கள். யாரும் கோபித்துக்கொள்வதில்லை. பினாங்கு ரோட்டில் ஒரு மாடியில் ஹனீபாவின் கடை இருக்கிறது, சனிக்கிழமை மத்தியானம் அங்கே மேசை போடுவார்கள், யார் வேண்டுமானாலும் உட்காரலாம் என்றும் சொன்னாள். ஏரம்பமூர்த்தி அன்று அவள் குடுவையைச் சுண்டாமலே வாங்கிக்கொண்டார். அவள் போனபிறகு சுண்டிப் பார்த்தார்.

ஹனீபாவுக்கு முப்பது வயது இருக்கும். கைக்கடிகார ரிப்பேர் கடைக்கும் தையல் கடைக்கும் நடுவில் ஒரு கண்ணாடி அலமாரி, இரண்டு மேசை, அவ்வளவுதான் கடை. எவ்வளவு பட்ஜெட் என்று கேட்டான். ஏரம்பமூர்த்தியின் சட்டைப்பையில் நாற்பது மலேசிய வெள்ளி இருந்தது. எவ்வளவு இருந்தால் என்ன, முதலில் சாமானைக் காட்டும் என்றார்.

ஹனீபா மூன்று கட்டுகளை எடுத்து வைத்தான். சிவப்புக் கட்டு நெருப்பும் இடியும். ஆட்டம் சட்டென்று முடிந்துவிடும். பச்சைக் கட்டு காட்டு மிருகங்கள். பழைய சீட்டுகள், தேடுவார் இல்லாதவை, அதனால் முப்பத்தைந்து வெள்ளி. நீலக் கட்டு நூற்றிருபது. அந்த நீலத்தைப் பற்றி ஏரம்பமூர்த்தி நோண்டிக் கேட்டார். எதிரில் இருப்பவன் எந்தச் சீட்டைப் போட்டாலும், கூடாது என்று தடுப்பதுதான் அதன் வேலை என்றான் ஹனீபா.

அவருடைய கண் அதிலேயே நின்றுவிட்டது.

"இது உங்களுக்கு நல்லாப் பொருந்தும்ணே" என்றான் ஹனீபா. "ஆனா வேணாம். இத வச்சு வெளாண்டா ரெண்டாவது தடவ உங்க முன்னாடி யாரும் ஒக்கார மாட்டாங்க. பச்சய எடுங்க. தோத்தாலும் சிரிச்சிக்கிட்டே தோக்கலாம்லா."

ஏரம்பமூர்த்தி யோசித்தார். விலை கூடியதை வாங்காதே என்று ஒரு வியாபாரி தானே சொல்கிறான். அப்படியானால் நீலத்தில் அவனுக்கு ஏதோ நட்டம் இருக்கிறது. அல்லது பச்சையில் ஏதோ ஓட்டை இருக்கிறது, அதைத் தள்ளிவிடப் பார்க்கிறான். கையில் காசு இருந்திருந்தால் நீலத்தைத்தான் வாங்கியிருப்பார். ஒரு மணி நேரம் அலமாரியைச் சுற்றினார். பச்சைக் கட்டின் மேல் சீட்டை ஒளியில் பிடித்தார், வளைத்தார், முகர்ந்தார். அதில் மூன்று தலை ஆமை ஒன்று இருந்தது. ஒரு தலை தூங்கிக்கொண்டிருந்தது. அவருக்கே தெரியாமல் கொஞ்சம் சிரிப்பு வந்துவிட்டது.

காசைக் கொடுத்தார். எப்படி ஆடுவது என்று உட்கார்ந்து சொல்லித் தருகிறேன் என்றான் ஹனீபா. வேண்டாம் என்று சொல்லிவிட்டார். விற்றவன் சொல்லித் தந்தால் விற்றவனுக்குச் சாதகமாகத்தான் சொல்லித் தருவான். விதிப்புத்தகம் ஒன்று தந்தான், அது போதும்.

வீட்டுக்கு வந்து விதிப்புத்தகத்தில் முதலில் தேடியது, ஏமாற்றுபவர்களுக்கு என்ன தண்டனை என்பதை. அதைப் படிப்பதற்கே எழுத்து மிகச் சிறியதாக இருந்தது. மிச்சத்தை அவர் படிக்கவில்லை. சீட்டின் மூலையில் எண்கள் இருந்தன. முந்நூற்றிநாலு ஆடியவருக்கு எண் என்றால் புள்ளி. ஆமைக்கு ஐந்து, காட்டுப்பன்றிக்கு மூன்று. கட்டைப் பிரித்துச் சாப்பாட்டு மேசையில் பரப்பியபோதுதான் விஷயம் தெரிந்தது. ஏறக்குறைய பாதிச் சீட்டுகளில் எண்ணே இல்லை. வெறும் மரங்கள். காடு, காடு, காடு. எல்லாம் ஒரே படம்.

"பார்த்தீரா" என்றார் மனைவியிடம். "பாதிக்குப் பாதி வெத்துத் தாள் வச்சுக் கட்டியிருக்கிறான்."

பச்சையில் இருந்த ஓட்டை அகப்பட்டுவிட்டதில் அவருக்கு ஒரு நிம்மதிகூட இருந்தது. முந்நூற்றிநாலுக் கட்டைப் பிரித்தால் என்ன செய்வாரோ அதையே செய்தார். புள்ளி இல்லாததைப் பொறுக்கி எடுத்து, சின்னச் சீட்டுகள் கிடக்கும் இழுப்பறைக்குள் போட்டார். கமலாம்பிகை அதில் ஒன்றை எடுத்துப் பார்த்தாள். இரண்டு பக்கமும் படம், எழுத இடமில்லை, இது எதுக்கு உதவும் என்றாள். ஆனால் எதையும் வீணாக்குகிறவள் அல்ல. சனிக்கிழமைக்குள் சில காடுகள் சன்னல் சட்டம் காற்றில் அடிக்காமல் இடுக்கில் செருகப்பட்டிருந்தன. சில, சாப்பாட்டு மேசையின் ஆடும் காலுக்கு அடியில் போயிருந்தன.

சனிக்கிழமை கடையில் மேசைகளைச் சுற்றி ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். ஏரம்பமூர்த்தி உட்காரவில்லை. நேராக அலமாரிக்குப் போனார்.

"தம்பி, முப்பத்தைந்து வெள்ளி வாங்கிக்கொண்டு பாதி வெத்துத் தாளைக் கட்டித் தந்திருக்கிறீர். நான் என்ன சின்னப்பிள்ளையோ?"

பேச்சு நின்றது. சங்க மண்டபத்தில் ஒருநாள் நின்ற மாதிரியே நின்றது. அவருக்கு அது காதில் கேட்டது. ஹனீபா வாயைத் திறப்பதற்குள் சந்திரிகா தனக்கு எதிரில் இருந்த நாற்காலியைக் காலால் தள்ளிவிட்டாள். வெற்றுச் சீட்டை எல்லாம் எடுத்துவிட்டீர்களா என்று கேட்டாள். ஒன்று விடாமல் எடுத்துவிட்டேன் என்றார். அப்படியே ஒரு ஆட்டம் ஆடுங்கள் என்றாள்.

கட்டுகள் கைமாறின. அவர் அவளுடையதைக் கலைத்தார், அவள் அவருடையதைக் கலைத்தாள். ஏழு சீட்டு எடுத்தார். ஏழும் மிருகங்கள், அதில் ஆமையும் இருந்தது. இப்படி ஒரு கை முந்நூற்றிநாலில் அவருக்கு வந்ததே இல்லை. ஆமையை எடுத்து மேசையில் அடித்து வைத்தார்.

சந்திரிகா அதன் மூலையில் விரலை வைத்தாள். "இது புள்ளி இல்ல அங்கிள். வெல. இந்த ஆமையக் கூப்புடணும்னா அஞ்சு காடு கீழ போட்டிருக்கணும். உங்க காடு எங்க?"

அவர் ஆமையைத் திருப்பி எடுத்துக்கொண்டார். பன்றியைப் பார்த்தார். பன்றிக்கு மூன்று காடு. ஒவ்வொரு முறையும் கட்டிலிருந்து ஒரு சீட்டை எடுத்தார், ஒவ்வொரு முறையும் ஒரு மிருகம் வந்தது. கைநிறைய மிருகங்களை வைத்துக்கொண்டு ஒன்றையும் இறக்க முடியாமல் உட்கார்ந்திருந்தார். சந்திரிகா சின்னச் சின்னக் குள்ளப் பூதங்களை இறக்கி, அவசரமே இல்லாமல் அவரை அடித்து முடித்தாள்.

ஹனீபா ஒரு பழைய பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்து மேசையில் வைத்தான். உள்ளே முழுக்கக் காடும் மலையும் கடலும். வேண்டிய அளவு எடுத்துக்கொள்ளுங்கள், காசு வேண்டாம் என்றான்.

"ஏன் சும்மா தாறீர்?"

"யாரு காசு குடுப்பா? வெத்துச் சீட்டுதானே. நீங்க சொன்னது சரிதான்ணே. ஆனா அது இல்லாம ஒண்ணும் நகராது."

யாரோ பின்னால் சிரித்தார்கள். ஏரம்பமூர்த்தி டின்னைத் தொடவில்லை. என்னுடையது வீட்டில் இருக்கிறது என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். ஹனீபாவிடம் கேட்கவேண்டிய மன்னிப்பு வாய் வரை வந்தது. படியிறங்கும்போது அது உள்ளே போய்விட்டது. இனி வரமாட்டார் என்றுதான் கடையில் பேசிக்கொண்டார்கள். பஸ்ஸில் சன்னலோரம் உட்கார்ந்திருந்தவரும் அதையேதான் நினைத்துக்கொண்டு போனார்.

ஞாயிறு, திங்கள் என்று வியாழன்வரை சும்மா இருந்தார். வெள்ளிக்கிழமை மாலை சங்க மண்டபத்துக்கு எதிர்ப்பக்கத்துத் தெருவோரமாக நடந்து போனார். மாடி விளக்கு எரிந்தது, சீட்டை மேசையில் அடிக்கும் சத்தம் கேட்டது. திரும்பி வந்து சன்னல் சட்டங்களில் இருந்த காடுகளை ஒவ்வொன்றாக உருவினார். இழுப்பறையில் இருந்ததை எடுத்தார். பிறகு குனிந்து மேசைக்காலின் அடியில் இருந்ததையும் இழுத்தார். மேசை ஒரு பக்கம் சாய்ந்தது, குழம்புச் சட்டி நகர்ந்தது.

"இஞ்சாருங்கோ, மேசை ஆடுதெல்லோ" என்றாள் கமலாம்பிகை. கைக்கு அகப்பட்ட சீட்டை எடுத்து மடித்துக் காலுக்கு அடியில் செருகினாள். அது அவருடைய முந்நூற்றிநாலுக் கட்டின் மேலே இருந்த ஜாக். அந்த ஆட்டத்தில் அதற்கு மேல் சீட்டு கிடையாது. அவர் பார்த்தார், உருவிய காடுகளைப் பச்சைக் கட்டோடு சேர்த்தார். மேசை ஆடாமல் நின்றது.

மறுநாள் ஹனீபாவின் படியேறும்போது அவர் முதலில் பார்த்தது நாற்காலிகளை. சந்திரிகாவுக்கு எதிரில் ஒன்று காலியாக இருந்தது. தனக்காகத்தான் வைத்திருக்கிறார்களோ, அல்லது இன்னொரு முறை சிரிப்பதற்காகவோ என்று யோசித்தபடியே உட்கார்ந்தார். ஹனீபா ஒரு கோப்பி கொண்டுவந்து வைத்தான். இதற்கு எவ்வளவு என்று கேட்டார். ஒரு வெள்ளி என்றான். அது அவருக்கு ஆறுதலாக இருந்தது.

அவள் அவருடைய கட்டைக் கலைத்தாள். அவர் அவளுடைய விரல்களை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அவர் கலைக்கும்போது அவளும் அப்படியே பார்த்தாள். ஏழு சீட்டு எடுத்து விரித்தார். காடு, காடு, காடு. ஏழும் காடு. ஒரு பன்றிக்குட்டிகூட இல்லை.

அவள் கட்டைவிரலை நினைத்துப் பார்த்தார். சரியில்லாமல்தான் இருந்தது. மறுபடி கலைக்கச் சொன்ன வார்த்தை ஒரு மேசையை அவரிடமிருந்து எடுத்துப் போயிருந்தது. இந்த மேசையைவிட்டால் வேறு மேசை இல்லை. ஆனால் ஏழும் காடு.

"இன்னொருக்காக் கலைக்கோணும்" என்றார், மேசையைப் பார்த்தபடி.

"எல்லாமே காடா?" என்றாள் சந்திரிகா. "அதுக்கு ரூலே இருக்கு அங்கிள். கையக் காட்டணும், அவ்வளவுதான். காட்டுங்க."

சீட்டாடத் தொடங்கிய நாளிலிருந்து ஏரம்பமூர்த்தி தன் கையை யாருக்கும் காட்டியதில்லை. ஏழு காடுகளையும் திருப்பி வரிசையாக மேசையில் வைத்தார். ஓரங்களில் சன்னல் சட்டத்தின் வெள்ளைப் பெயிண்ட் ஒட்டியிருந்தது. சந்திரிகா எண்ணிப் பார்த்தாள். பார்த்துவிட்டு, அவற்றை அவருடைய கட்டோடு சேர்த்துக் கலைக்கத் தொடங்கினாள்.

அவர் முன்னால் சாய்ந்து, அவள் கட்டைவிரலைக் கவனித்துக்கொண்டிருந்தார்.